சிறைப்புறத்தில் ஒரு ஸ்கேனர்

கார்ப் பந்தயத்தில் எனக்கு எந்த ஈடுபாடும் இருந்ததில்லை. 2022 அக்டோபரில் அம்மாவை அக்கா வீட்டில் கொண்டுவிடுவதற்காக அமெரிக்கா போக நேர்ந்தது. அக்கா இருப்பது வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ என்ற ஊரில். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் பந்தயத் திடல் வருகிறது. அத்தான் வருஷம் தவறாமல் அங்கே போகிறவர். எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். நான் போய் இறங்கிய இரண்டாம் நாள், "மாப்ளே, பழைய ஸ்கேனர் செத்துப்போச்சு. புதுசு ஒண்ணு வாங்கணும். நீயே பார்த்துச் சொல்லு. குரல், தொனின்னு என்னென்னவோ எழுதுறியே, இதுவும் காதுல கேட்கிற விஷயம்தானே" என்றார்.

கேலிதான். கேலியாகச் சொன்னதாலேயே நான் அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டேன். ஐந்து நாட்கள் அந்த யந்திரங்களின் விவரக் குறிப்புகளைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. கொண்டுபோயிருந்த இரண்டு கவிதைத் தொகுதிகளும் பெட்டியிலேயே கிடந்தன. இந்தக் கட்டுரை எந்த ஸ்கேனரை வாங்குவது என்பது பற்றித்தான். வேறு விஷயங்கள் வந்து சேர்ந்தால் அதற்கு யந்திரமே பொறுப்பு.

நாஸ்கார் பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் தனி ரேடியோ அலைவரிசை உண்டு. அதில் முக்கியமாக மூன்று பேர் பேசுகிறார்கள். ஒருவர் ஓட்டுனர். சக்கரம் மாற்றி எண்ணெய் நிரப்பும் இடத்தில் உட்கார்ந்து உத்தரவு கொடுக்கும் குழுத் தலைவர் இன்னொருவர். மூன்றாமவர் திடலின் உயரமான கூரைமேல் நின்று பார்ப்பவர், ஸ்பாட்டர் என்கிறார்கள். மோதலில் கழுத்து முறியாமலிருக்க ஓட்டுனரின் ஹெல்மெட்டைத் தோள்மேல் ஒரு கருவியோடு பிணைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யார் என்று அவரால் சரியாகத் திரும்பிப் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாகப் பார்ப்பவர் ஸ்பாட்டர். உள்ளே, வெளியே, பக்கத்தில், கிளியர். அநேகமாக இவ்வளவுதான் அவருடைய மொழி. ஒரு சொல் அரை நொடி பிந்தினால் இரண்டு கார்கள் நொறுங்கும். அடைமொழிகளை ஒழிக்க வேண்டும் என்று நாமெல்லாம் எவ்வளவு பக்கங்கள் எழுதியிருக்கிறோம். கூரைமேல் நிற்கிற ஒரு மனிதர் யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

ஓட்டுனர் பேச வேண்டுமானால் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும்வரை பிறர் சொல்வது அவருக்குக் கேட்காது. ஒரு சமயத்தில் ஒரு குரல்தான். பேசுகிறவர் அந்த நேரத்துக்குச் செவிடர். இதை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பதால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சில் ரகசியம் இல்லை. சேர்ந்த கருவி கையிலிருந்தால் பார்வையாளர் எவரும் கேட்கலாம். நாஸ்காரில் அது பந்தயம் பார்ப்பதன் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஃபார்முலா ஒன்றில் அப்படிக் கிடையாது. அங்கே பேச்சு சங்கேதமாக்கப்பட்டுப் போகிறது. ஒளிபரப்புகிறவர்கள் கொடுப்பதைத்தான் கேட்க முடியும். தொகுப்பாசிரியரின் தயவில் வாழ்வதைப் போன்றது அது.

இனி கருவி. யூனிடன் என்ற கம்பெனியின் ஸ்கேனர்களைத்தான் அத்தானின் நண்பர்கள் பலரும் வைத்திருந்தார்கள். அவற்றில் மூன்று படிகள். கீழ்ப்படியில் பி.சி.75. முந்நூறு சானல், சாதாரண பேனா பேட்டரி இரண்டு, அப்போது விலை ஏறக்குறைய நூறு டாலர். பந்தயக் குழுக்கள் பேசுவது பெரும்பாலும் 450க்கும் 470 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில். அந்த இடம் இதற்கு எட்டும். ஆனால் சானலுக்குப் பெயர் எழுதி வைக்க முடியாது. அடுத்த படியில் பி.சி.125. ஐந்நூறு சானல், ஐம்பது ஐம்பதாகப் பத்துக் கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பதினாறு எழுத்துவரை பெயர் கொடுக்கலாம். மேல்படியில் டிஜிட்டல் பேச்சையும் கேட்கக்கூடிய கருவிகள். அறுநூறு டாலருக்கு மேலும் போகும். கடைக்காரர் அதைத்தான் சிபாரிசு செய்தார். எல்லா ஊர்க் கடைக்காரர்களும் அதைத்தான் செய்வார்கள். திடலில் வாடகைக்கும் கிடைக்கிறது. போனில் ஒரு செயலி மூலமும் கேட்கலாம். ஆனால் சில நொடிகள் பிந்தி வரும். கார் சுவரில் மோதிய பிறகு 'கிளியர்' என்று காதில் விழுந்தால் எப்படியிருக்கும்.

பெயர் முக்கியமா என்று அத்தானைக் கேட்டேன். பழகியவர்கள் கார் எண்ணையே சானல் எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள், பெயர் தேவையில்லை என்றார். எனக்குப் பெயர் வேண்டியிருந்தது. பதினோராவது கார் பேசுகிறது என்பதற்கும் ஒரு மனிதன் பேசுகிறான் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பி.சி.125 வாங்கினோம். ஸ்கேனரைவிடத் தலையில் மாட்டும் காதுக்கவசம் முக்கியம் என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே தொழிலாளர் நலத்துக்கு வகுத்த கணக்கு. பந்தயத் திடலின் சத்தம் நூறைத் தாண்டுகிறது. வெளிச் சத்தத்தை அடைக்காத கவசத்தில் எந்த ஸ்கேனரும் முணுமுணுக்கத்தான் செய்யும். ஸ்கேனரில் மிச்சம் பிடித்தாலும் கவசத்தில் பிடிக்கக் கூடாது.

ஒட்டுக் கேட்பதைப் பற்றி அமெரிக்கச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பந்தயக் குழுவின் பேச்சைக் கேட்கலாம். போனில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவதைக் கேட்கக் கூடாது. 1986இல் இதற்குச் சட்டம் வந்தது. 1994 முதல் செல்போன் அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ தடை. நம் நாட்டில் கேட்கும் கருவியை வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்போது நடப்பிலிருந்தது; அதற்குப் பதிலாக 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ரேடியோக் கருவி வைத்திருக்க அனுமதி கேட்கும் விதி இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடக்கிறது. வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கிய புத்தகம். எண்பதுகளின் நடுவில் அந்த வழக்கம் ஒழிந்தது. பாட்டும் செய்தியும் கேட்பதற்கு அரசாங்கத்துக்குப் பணம் கட்டிய மனிதரின் பிள்ளை நான். எவன் பேச்சையும் கேட்கலாம் என்ற சுதந்திரம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அந்தக் கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1833இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொற்பொழிவையும் கவிதையையும் பிரிக்கிறார். சொற்பொழிவு கேட்பவனை நோக்கிச் செய்யப்படுவது. கவிதை, கேட்பவன் ஒருவன் உண்டென்ற நினைப்பே இல்லாமல் சொல்லப்பட்டுத் தற்செயலாக நம் காதில் விழுவது. பி.ஏ. வகுப்பில் இதைப் படித்த நாளிலிருந்து நான் இதை நம்பிவந்திருக்கிறேன். கவியரங்கங்கள்மீது எனக்குள்ள வெறுப்புக்கு இதுதான் ஆதாரம். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசுகிற மனிதனின் மொழி சுத்தமானது என்று பல கட்டுரைகளில் சாதித்திருக்கிறேன். ஆக, ஸ்கேனர் எனக்கு ஒரு பரிசோதனைக் கருவியாகவே பட்டது. அந்தச் சுத்தமான மொழியை நேரில் கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

படித்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. தங்கள் பேச்சை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள் என்பது ஓட்டுனர்களுக்குத் தெரியும். எதிர்க் குழுவில் தங்கள் அலைவரிசையைக் கேட்பதற்கென்றே ஆள் உண்டு என்பதும் தெரியும். 2013 செப்டம்பர் 7ஆம் தேதி ரிச்மண்ட் திடலில் நடந்ததைப் பாருங்கள். இறுதிச் சுற்றுகளுக்கு யார் யார் தேறுவார்கள் என்று முடிவாகும் பந்தயம். ஏழு வட்டம் பாக்கி. மைக்கேல் வால்ட்ரிப் குழுவின் கிளின்ட் பவ்யரிடம் அவருடைய குழுத் தலைவர், கை வலிக்கத் தொடங்கிவிட்டதா, உள்ளே வெக்கையாயிருக்குமே, சொறிந்துகொள் என்கிற பாவனையில் பேசினார். சற்று நேரத்தில் அந்தக் கார் தானாகச் சுழன்று நின்றது. பந்தயம் தடைப்பட்டு வரிசை மாறியது. கடைசியில் அதே முதலாளியின் இன்னொரு காரை ஓட்டிய பிரையன் விக்கர்ஸுக்கு ஓரம் கட்டச் சொல்லி உத்தரவு போனது. அவருக்கே புரியாமல் திரும்பக் கேட்டார். எல்லாமே ஸ்கேனர் வைத்திருந்தவர்கள் காதில் விழுந்தன. குழுவுக்கு மூன்று லட்சம் டாலர் அபராதம். அதன் மூன்று கார்களுக்கும் தலைக்கு ஐம்பது புள்ளி வெட்டு. தேறியிருந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸ் வெளியே போனார். இதில் எனக்கு ருசித்தது ஒன்று. பவ்யர் வேண்டுமென்றே சுழன்றார் என்பதை நாஸ்கார் நிரூபிக்க முடியவில்லை. கை அரிப்பதைப் பற்றிப் பேசியது தப்பித்துக்கொண்டது. நேராகச் சொன்ன உத்தரவு மாட்டிக்கொண்டது. உள்ளுறைக்கு நிரூபணம் கிடையாது. நம் உரையாசிரியர்கள் படாத பாடா?

உள்ளுறை என்று எழுதியதும்தான் எனக்குச் சிறைப்புறம் ஞாபகம் வந்தது. அகப்பாடல்களுக்குப் பின்னாளில் சேர்த்த துறைக் குறிப்புகளில் அடிக்கடி வருவது: தலைவன் சிறைப்புறத்தானாக. குறுந்தொகையில் மட்டும் எத்தனையோ பாட்டுகளுக்கு இந்தக் குறிப்பு உண்டு. அவன் வேலிக்கு அப்பால் இருட்டில் நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுகிறாள். பேச்சு அவனுக்கு. அவன் நிற்பது அவளுக்குத் தெரியும், தெரியாதவள்போல் பேசுகிறாள். அவன் தானாகக் கேட்டு, தானாக வெட்கப்பட்டு, கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மில்லுடைய கவிதையில் ஒட்டுக் கேட்பவன் ஒரு விபத்து. நம்முடையதில் அவனுக்கென்று இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்து வருஷமாக மில்லைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டுத் திண்ணையில் கிடந்தது கண்ணில் படவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கு ஒரு கடமை உண்டு என்பதுதான் அந்தக் குறிப்பின் அர்த்தம். கேட்டுவிட்டுச் சும்மா போய்விட அவனுக்கு உரிமை கிடையாது.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. மார்ட்டின்ஸ்வில் திடல் ஒரு வட்டம் 0.526 மைல். பேப்பரில் குத்தும் கிளிப் போன்ற உருவம். 1947இல் கட்டியது. ஐந்நூறு வட்டம் ஓட வேண்டும். ஜெயித்தவருக்கு ஆளுயரக் கடிகாரம் ஒன்று பரிசு. நாலாவது திருப்பத்தை ஒட்டி எங்களுக்கு இடம். அத்தான் தன் பங்குக்கு வாடகை ஸ்கேனர் ஒன்று எடுத்துக்கொண்டு புதியதை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்கேனர் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது ஒரு சானலில் நிற்பதில்லை. வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறது. எங்கே குரல் இருக்கிறதோ அங்கே நிற்கிறது. குரல் ஓய்ந்தால் பதிலுக்காக இரண்டு நொடி காக்கிறது. அதற்குள் யாரும் பேசாவிட்டால் அடுத்த சானலுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு மெலிந்த ஒலிவரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க ஸ்க்வெல்ச் என்று ஒரு திருகல். கூட்டி வைத்தால் இரைச்சல் இல்லை, ஆனால் பலவீனமான குரல்களும் போய்விடும். பிடிக்காத சானலை ஒதுக்கி வைக்க லாக்-அவுட் என்று ஒரு பொத்தான். நம் விமர்சகர்கள் பலரிடம் இந்தப் பொத்தான் ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு சானலுக்கு முன்னுரிமை கொடுத்து வைக்கலாம். அது பேசினால் மற்றதை விட்டுவிட்டு அங்கே ஓடும். நான் அந்த இடத்தைப் பந்தயக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்தேன். கடைசியாக ஹோல்டு. அதை அழுத்தினால் யந்திரம் ஓட்டத்தை விட்டு ஒரே சானலில் நிற்கும், குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் நாள் முழுக்க ஸ்கேனிலேயே வைத்திருந்தேன். முப்பத்தாறு கார்களையும் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. ஒருவர் பிரேக் மண்டுகிறது என்கிறார். இன்னொருவர் யாரையோ திட்டுகிறார். ஒரு ஸ்பாட்டர் தாலாட்டுகிற மாதிரி ஒரே சுருதியில் எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்று மணி நேரத்தில் எல்லார் குரலும் எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம்கூட வந்தது.

கடைசி வட்டம். ராஸ் சேஸ்டெய்ன் பத்தாவதாக வருகிறார். அடுத்த வாரத்தின் இறுதிப் போட்டிக்குத் தேற அவருக்கு இன்னும் இரண்டு இடம் வேண்டும். இரண்டாவது திருப்பத்தைத் தாண்டும்போது, தேவைப்படுகிறதா என்று ரேடியோவில் கேட்டார். தேவைதான் என்று பதில் வந்தது. ஐந்தாவது கியரைப் போட்டார். கடைசி இரு திருப்பங்களில் எல்லாரும் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் காரை வெளிச் சுவரோடு சாய்த்து, ஸ்டியரிங்கை விட்டதுபோல், முழு வேகத்தில் உராய்ந்துகொண்டே வந்தார். ஐந்து கார்களைத் தாண்டி ஐந்தாவதாகக் கோட்டைக் கடந்தார். முன்னால் வந்த ஒருவர் தகுதி இழந்ததால் பிறகு நாலாவது ஆனார். அந்த வட்டத்துக்கு 18.845 நொடி; அந்தத் திடலில் அவ்வகைக் கார் எதுவும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. சிறு வயதில் தம்பியோடு விளையாடிய வீடியோ விளையாட்டில் கற்ற உத்தி என்று சொன்னார். 2023 ஜனவரியில், இனி யாரும் இதைச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது.

கார் என் கண் முன்னால்தான் சுவரை உராய்ந்துகொண்டு போனது. கூட்டம் எழுந்து நின்றது. அத்தான் என் தோளைப் பிடித்து உலுக்கி, "கேட்டியா, கேட்டியா?" என்று கத்தினார். அவர் அந்தச் சானலில் நிறுத்தி வைத்திருந்தார். என் காதில் அந்தச் சமயத்தில் கேட்டது, இருபதுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு குழுவில் ஒருவர் அடுத்த வாரத்துக்கான லாரியைப் பற்றிச் சொன்னது. அந்தக் கேள்வியும் பதிலும் அப்புறம் நூறு தடவை ஒலிபரப்பானது. நானும் கேட்டேன். முடிவு தெரிந்த பிறகு கேட்கிற கேள்வி அது. அந்த மனிதர் கேட்டபோது முடிவு அவருக்கும் தெரியாது. அந்த நிலையில் அதைக் கேட்டவர்களில் நான் இல்லை.

திரும்பி வரும்போது காரில் அத்தான் பந்தயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே ஒரு கவிஞர். சிறுபத்திரிகைகளில் எழுதியவர். அதிகம் இல்லை, வருஷத்துக்கு மூன்று நாலு கவிதைகள். 2018, 2019 இரண்டு வருஷமும் வந்த கவிதைகளைப் பற்றி நான் நீண்ட கட்டுரைகள் எழுதினேன். நாற்பது பேர் ஐம்பது பேர் என்று யாரையும் விடாமல் எழுதியதாக எனக்கு எண்ணம். நண்பர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2019 டிசம்பரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கட்டுரை ரெண்டும் படிச்சேன் சார். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "நான் எழுதி ரெண்டரை வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தகவல்போலச் சொன்னார். நான் "அப்படியா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

இரண்டரை வருஷமாக ஒருவர் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. என் யந்திரம் அப்படிப்பட்டது. குரல் இருக்கும் இடத்தில் நிற்கும். ஓய்ந்தால் இரண்டு நொடி காத்திருந்துவிட்டுப் போய்விடும். வருஷக் கட்டுரை என்ற வடிவமே ஸ்கேன்தான். அதில் மௌனத்தைப் பதிவு செய்ய இடமில்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் பேசியதுகூட வேலிக்கு அப்பால் நிற்பவனுக்குப் பேசியதுபோலத்தான். நான் கேட்டேன். கேட்டதோடு சரி.

எந்த ஸ்கேனர் வாங்குவது என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது சுலபமாகச் சொல்வேன். எத்தனை சானல் என்று பார்க்க வேண்டாம். முந்நூறு போதும், ஐம்பதே போதும். கருவியைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஹோல்டு பொத்தானைக் கட்டை விரலால் தேடிப் பாருங்கள். தட்டுப்பட்டால் வாங்கலாம். ஸ்க்வெல்ச்சைக் கொஞ்சம் இரைச்சல் கேட்கும்படியே வைத்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு முன்பே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் முன்னால் வரவேண்டிய அவசியமில்லை. வட்டங்கள் முழுக்க அவர் பேசாதிருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மற்ற கார்களில் நடப்பதெல்லாம் போய்விடுமே என்றால், போகும்.

ஸ்கேனரை அத்தானிடமே விட்டுவிட்டு வந்தேன். கொண்டுவந்திருந்தால் சட்டப்படி குற்றம். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் கோவில்பட்டிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கவிதை எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்காமல் விட்டதைத்தான் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. போன மாதம் இன்னொரு கார்டு போட்டிருக்கிறேன்.